ஐந்து குஞ்சுகளின் தேதி

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். அச்சுப்பொறி வெளியே தள்ளிய தாளில் முதலில் கண்ணில் பட்டது நான்காவது வரி. அது சிவப்பாக இருந்தது. தொடர்ந்து மூன்றாவது திங்கட்கிழமையாக.

தாள் என்னுடையது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகும் வழியில் இருந்த ஒரு முட்டைக்கோழிப் பண்ணையின் அலுவலகத்தில், சர்வரில் சேரும் தரவை எக்ஸெல்லுக்கு இழுத்து, நிர்வாகம் படிக்கக்கூடிய ஒரே பக்கமாக ஆக்கித் தருவது என் வேலை. அதற்கு முன் ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் பிழை திருத்துபவனாக இருந்தேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான். இரண்டிலும் மற்றவர்கள் எழுதியதைச் சுத்தமாக்கிக் கொடுக்கிறோம். தவறு வந்தால் மட்டும் நம் பெயர் வெளியே வருகிறது.

அந்த மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைக் கேட்பதெல்லாம் சர்வரோடு இணைப்புக் கொடுப்பது எப்படி, எந்த அட்டவணையை எதோடு பொருத்துவது என்பதுதான். அதை ஒரு மதியத்தில் கற்றுக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது அந்தத் திங்கட்கிழமை ஒன்பது பதினேழுக்கும் பத்தரைக்கும் இடையில் நடந்ததை. அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பத்தாறு வயதாகியிருந்தது.

பண்ணையைத் தொடங்கியவரைப் பெரியவர் என்போம். அவருடைய மகன் சின்னவர், கோயம்புத்தூரில் மேலாண்மை படித்துவிட்டு வந்தவர். சின்னவருக்கு எண்கள் மீது மிகுந்த மரியாதை உண்டு. அவற்றைப் படிக்கும் பொறுமைதான் இல்லை. ஆகவே வாரத்தாளில் நிறங்கள் வந்தன. எதிர்பார்த்த உற்பத்தி இருந்தால் பச்சை, சற்றுக் குறைந்தால் மஞ்சள், ரொம்பக் குறைந்தால் சிவப்பு. “ஒரு பேட்ச்சுக்கு ஒரு வரி போதும் சார். நான் கார்ல இருந்து இறங்கறதுக்குள்ள பாத்துறணும்” என்றார். பேட்ச் என்பது ஒரே சமயத்தில் குஞ்சாக வந்து ஒன்றாக வளரும் கோழிக் கூட்டம். குஞ்சு ஷெட்டிலிருந்து வளர் ஷெட்டுக்கும், அங்கிருந்து முட்டை ஷெட்டுக்கும் அது இடம் மாறும். எங்கள் பண்ணையில் பொறுப்பாளரும் கோழியோடு சேர்ந்தே மாறுவார்.

நிறங்களோடு இரண்டு விதிகளும் வந்தன. தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பு என்றால் பொறுப்பாளர் மாற்றப்படுவார். சர்வர் பதிவில் பொய் இருந்தால் முதல் தடவையே நடவடிக்கை. இரண்டையும் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, கூட்ட அறையில் ஒட்டியது நான்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

நான்காவது பேட்ச்சின் பொறுப்பாளர் செல்லமுத்து. பதினான்கு வருடமாக அதே பண்ணையில் இருந்தவர். அவருடைய மனைவி பாவாயி முட்டை பொறுக்கும் பிரிவில் வேலை செய்தார். வளாகத்துக்குள்ளேயே இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மகள் சேந்தமங்கலத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஜூனில் பன்னிரண்டாவது போக வேண்டும். பண்ணைக்கு இன்னொரு கிளை உண்டு, கெங்கவல்லியில், மக்காச்சோளம் வாங்கிச் சேர்க்கும் கிடங்கு. அங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது. மாற்றம் என்றால் அந்தக் கிடங்குதான் என்பது எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது சிவப்பு என்றால் அந்தக் குடும்பத்துக்கு வீடு இல்லை.

அந்த வரி ஏன் சிவப்பு என்று சொல்ல வேண்டும். தாளின்படி நான்காவது பேட்ச்சுக்கு வயது இருபத்தோரு வாரம். அந்த வயதில் பாதிக் கோழிகளாவது முட்டையிட வேண்டும். கோழிகள் இருபத்து நாலாயிரம். கிடைத்த முட்டை ஒரு நாளைக்கு ஐந்து.

ஐநூறு அல்ல. ஐந்து. மூன்று வாரமாகத் தினமும் ஏறத்தாழ அதே ஐந்து.

தவறான எண்ணுக்குச் சரியான காரணம் சொல்வதில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. சித்திரை வெயில் என்றார் கோழி டாக்டர். ஷெட்டின் இரு பக்கமும் நனைத்த சாக்குகள் தொங்கின, கூரை மேல் தண்ணீர் சுழன்றது. மக்காச்சோளத்தில் ஈரம் என்றார் தீவன மில்லின் மேலாளர். திருஷ்டி என்றார் பெரியவர். வாசலில் பூசணிக்காய் தொங்கியது. ஆள் சோம்பேறி என்றார் சின்னவர். என் பங்குக்கு நான் தாளில் கட்டங்களின் கோடுகளைக் கொஞ்சம் தடிமனாக்கினேன்.

ஒரே ஒருவர் வேறு மாதிரி சொன்னார். முதல் சிவப்பு வந்த திங்கட்கிழமை, கூட்ட அறையின் வாசலில் நின்றுகொண்டு செல்லமுத்து, “குஞ்சு மார்கழியிலதான வந்துச்சுங்க” என்றார். “சிஸ்டத்துல இருக்கறத மட்டும் பேசுங்க” என்றார் சின்னவர். நான் அப்போது அந்த அறையில்தான் இருந்தேன். கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தைக் குறிப்பில் சேர்க்கவில்லை. முக்கியமில்லாதவற்றைச் சேர்க்க வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

ஒன்பது பதினேழுக்கு வருகிறேன். தாளைக் கையில் எடுத்தபோது என்னை நிறுத்தியது சிவப்பு அல்ல, பக்கத்துக் கட்டம். இறக்கிய குஞ்சுகளின் எண்ணிக்கை: 24,005. மேலும் கீழும் பார்த்தேன். 18,000. 24,000. 20,000. மற்ற எல்லாம் பூஜ்யங்களில் முடிந்தன. பத்திரிகையில் எனக்கு மேலே இருந்த ஒரு துணை ஆசிரியை, முழு எண்களின் நடுவே வாலுள்ள எண் வந்தால் அச்சுக்கு அனுப்பாமல் போனை எடுப்பார். பெரும்பாலும் அந்த வாலில்தான் செய்தி இருக்கும். நான் அந்தத் தாளை ஏற்கெனவே பதினெட்டு வாரம் அச்சுக்கு அனுப்பியிருந்தேன்.

சர்வரில் அந்தப் பேட்ச்சின் மூலப் பதிவைத் திறந்தேன். அங்கே ஒரு வரி அல்ல, இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரவு: ஐந்து குஞ்சுகள். இரண்டாம் வரவு, சரியாக இருபத்தோரு நாள் கழித்து: இருபத்து நாலாயிரம். ஒரு பேட்ச்சுக்கு ஒரு வரி என்று கேட்டார்கள் அல்லவா? வரவுகளைச் சேர்க்கும்போது எண்ணிக்கையைக் கூட்டு, தேதியில் முதலாவதை எடு என்று நான் கட்டளை எழுதியிருந்தேன். இரண்டு வினாடியில் எடுத்த முடிவு. எழுதியபோது அது ஒரு முடிவு என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

செல்லமுத்துவைப் போனில் கூப்பிட்டேன்.

“செல்லமுத்து, உங்க பேட்ச்சுக்கு முதல்ல அஞ்சு குஞ்சு மட்டும் வந்ததா?”

“ஆமாங்க சார். சாஸ்திரத்துக்குங்க.”

“என்ன சாஸ்திரம்?”

“ஏனுங்க சார், மார்கழியில புதுசா ஒண்ணு ஆரம்பிப்பாங்களா? ஹேச்சரிக்காரன் குஞ்சு லோடு மார்கழி நடுவுலதான் வரும்னுட்டான். பெரியவரு, கார்த்திகை கடைசியில நல்ல நாள் பாத்து அஞ்சே அஞ்சு குஞ்சு வாங்கியாந்து விளக்கேத்தி வுட்டாருங்க. அப்பறம் எப்ப லோடு வந்தாலும் அது பழைய வேலை தொடருது, அவ்வளவுதானுங்க. வருசா வருசம் நடக்கறது. உங்களுக்குத் தெரியாதுங்களா?”

எனக்குத் தெரியாது. சேலத்தில் எங்கள் தேவாலயப் பங்கில் டிசம்பர் என்றால் குடில் கட்டுவோம், கேக்குக்கு முந்திரி உடைப்போம். அந்த மாதத்தில் கோழிக்குஞ்சு இறக்கக்கூடாது என்று எந்தப் பாதிரியாரும் சொன்னதில்லை. பதினோரு வருடம் அந்தப் பண்ணையின் தரவை இழுத்திருக்கிறேன். அந்த ஐந்து குஞ்சுகளை ஒரு முறையும் கேட்டதில்லை. வாரத்தாள் வந்தது அந்த ஆண்டுதான். அதற்கு முன் வயதைக் கோழியைப் பார்த்தே முடிவு செய்தார்கள்.

ஆக இருபத்து நாலாயிரம் கோழிகளின் பிறந்த தேதியை ஐந்து குஞ்சுகள் தீர்மானித்திருந்தன. கோழிகளுக்கு உண்மையான வயது பதினெட்டு வாரம். அந்த வயதில் முட்டை எதிர்பார்ப்பது தவறு. வரி சிவப்பாக இருக்க வேண்டிய காரணமே இல்லை.

கூட்டம் பத்து மணிக்கு. ஒன்பது முப்பத்தைந்துக்கு ஷெட்டுக்கு நடந்தேன். வாசலில் மருந்துத் தண்ணீரில் செருப்பை நனைத்தபோது, பதினோரு வருடத்தில் அது எனக்கு மூன்றாவது முறை என்பது நினைவுக்கு வந்தது. உள்ளே வெக்கையும் சத்தமும். செல்லமுத்து என்னைக் கடைசி வரிசையின் மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே தனியாக ஒரு கூண்டு; கம்பியில் குங்குமம் வைத்திருந்தது. உள்ளே ஐந்து கோழிகள், மற்றவற்றைவிட ஒரு சுற்றுப் பெரியவை. கொண்டை நல்ல சிவப்பு. கீழே சரிவுத் தட்டில் மூன்று முட்டைகள் உருண்டு கிடந்தன.

“இதுகதாங்க சாமிக் கோழி” என்றார் செல்லமுத்து. “கம்ப்யூட்டரு சொன்ன மாதிரியே நாள் தவறாம முட்டை வெக்கறது இந்த அஞ்சும்தாங்க. மிச்சம் இருவத்தி நாலாயிரமும் பேச்சே கேக்க மாட்டேங்குது.”

முட்டைத் தட்டோடு வந்த பாவாயி நின்றார். “செவப்பு செவப்புங்கறாங்களே சார், கொண்டையே இன்னும் செவக்கலீங்க. அதை எட்டிப் பாக்க அங்கிருந்து ஒருத்தருக்கும் காலில்ல. இந்தத் தாள் மட்டும் வாராவாரம் நடந்து வருது.”

மற்றக் கூண்டுகளைப் பார்த்தேன். வெளிறிய சிறு கொண்டைகள், வரிசை வரிசையாக. அறிக்கை தயாரிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அந்தக் காட்சியைப் பார்க்க நான்கு நிமிட நடை போதுமாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. தாளின் வயதை வைத்து நிறம் மட்டும் போடுவதில்லை, உத்தரவும் போகும். நான்கு வாரத்துக்கு முன், பேட்ச்சுக்குப் பதினேழு வாரம் என்று தாள் சொன்னதால், வளர் தீவனத்தை நிறுத்தி முட்டைத் தீவனத்துக்கு மாறும்படி சின்னவர் உத்தரவிட்டிருந்தார். முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம். கோழிகளுக்கு அப்போது பதினான்கு வாரம்தான்.

“செல்லமுத்து, நாலு வாரமா முட்டைத் தீவனம் போட்டீங்களே, அது கோழிய ஒண்ணும் பண்ணலையா?”

அவர் பாவாயியைப் பார்த்தார். பாவாயி முட்டைத் தட்டைப் பார்த்தார்.

“போடலீங்க சார்.”

“சர்வர்ல நீங்க போடற தினப் பதிவுல தீவனம் மாத்தியாச்சான்னு கேக்கற கட்டத்துல ஆம்னு இருக்கே.”

“இல்லைன்னு அமுக்குனா சின்னவரு போனுக்கு மணி போகுதுங்க. மொதநா இல்லைன்னுதாங்க அமுக்குனேன். மூணு தடவை கூப்பிட்டுச் சத்தம் போட்டாரு. குஞ்சு வயசு அது இல்லீங்கன்னேன். சிஸ்டத்த விட உனக்குத் தெரியுமான்னாரு. மறுநாள்ல இருந்து ஆம்னு அமுக்கீட்டு வளர் தீவனத்தையே போட்டனுங்க. மில்லுல லோடு அனுப்பறது எங்க மச்சான்தான். பதினாலு வாரக் கோழிக்கு அதைப் போட்டா கிட்னி போயிருமுங்க சார். அத்தனையும் உசுருங்க. நாளைக்குத்தான் மாத்தலாம்னு இருக்கறேன். இப்பத்தான் அதுக்குப் பருவம்.”

நான் மணியைப் பார்த்தேன். அவரே சொன்னார்:

“தேதிய மட்டும் சொல்லுங்க சார். தீவனப் பேச்ச எடுக்காதீங்க.”

“நானா எடுக்க மாட்டேன். கேட்டாங்கன்னா…”

“கேக்க மாட்டாங்க.”

“கேப்பாங்க” என்றார் பாவாயி.

பத்து மணிக் கூட்டம் பத்து மணிக்கே தொடங்கியது. மேசையின் தலைமாட்டில் பெரியவர், பக்கத்தில் சின்னவர், எதிரில் டாக்டர், திரைக்கு அருகில் என் கணினியோடு நான். செல்லமுத்து வழக்கம்போல வாசலில் நின்றார். சின்னவர் தாளைத் தூக்கிக் காட்டினார்.

“மூணாவது ரெட். இருபத்து நாலாயிரம் கோழி, அஞ்சு முட்டை. இதுல நான் இன்னும் என்ன பேசணும்?”

நான் எழுந்தேன். அந்த வரி தவறு என்றேன். தேதியைத் தவறாக எடுத்தது நான் என்றேன். அந்த ஐந்து முட்டையும் எந்த ஐந்து கோழியுடையது என்று விளக்கி, மூலப் பதிவின் இரண்டு வரிகளையும் திரையில் போட்டேன். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்த நினைத்திருந்தேன், மூன்று முறை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, ஏனென்றால் முதல் இரண்டு முறையும் சின்னவர், “அப்ப சர்வர்ல தப்பா?” என்றே கேட்டார்.

“சர்வர் சரி சார். என் தாள்தான் தப்பு.”

டாக்டர் உடனே ஊக்கமடைந்தார். தனக்கு அப்போதே சந்தேகம் இருந்ததாகச் சொன்னார். வெயிலைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அந்த அஞ்சு குஞ்சு வரிய அழிச்சுறாதீங்க சார்” என்றார். “நல்ல நாள்ல ஏத்துனது. அது கணக்குல இருந்தாத்தானுங்க சாஸ்திரம்.”

“அழிக்கலைங்க. வயசுக்கு மட்டும் இரண்டாவது வரிய எடுத்துக்கறேன்.”

அங்கேயே மாற்றினேன். நான்காவது வரி பச்சையாயிற்று. வாசலில் செல்லமுத்து சுவரில் சாய்ந்தார். மணி பத்து பன்னிரண்டு. கூட்டம் அதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இப்படியொரு கதை இருந்திருக்காது.

சின்னவருக்கு அந்தப் பச்சை பிடிக்கவில்லை. மூன்று வாரம் கோபப்பட்டவர் ஒரு நிமிடத்தில் இறங்க முடியாது.

“ஒரு நிமிஷம். அப்படின்னா பதினாலு வாரத்துலயே முட்டை ஃபீட் போட்டிருக்கோம். டாக்டர், கிட்னி என்ன ஆயிருக்கும்?”

“வீங்கியிருக்கணுமே” என்றார் டாக்டர். பிறகு நேர்மையாக, “ஆனா போன வாரம் செத்த ஒண்ண அறுத்துப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு” என்றார்.

“எப்படிச் சுத்தமா இருக்கும்?”

 சின்னவர் என் பக்கம் திரும்பினார்.

“சார், தீவன மில் டேட்டாவ இழுங்க. நாலாவது பேட்ச்சுக்கு நாலு வாரமா என்ன போயிருக்குன்னு பாக்கலாம்.”

அந்த இணைப்பை நானே ஏற்படுத்தி வைத்திருந்தேன். ஒரு பொத்தான், அழுத்தினால் நான்கு வினாடி. நம் தொழிலில் எவரும் மறுத்துப் பேசாத வாக்கியம் ஒன்று உண்டு: சர்வர் வரவில்லை. மழை வந்தால் சொல்வோம், மழை வராவிட்டாலும் சொல்வோம். அந்த அறையில் அதைச் சரிபார்க்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதைச் சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். மறுநாள் தீவனம் உண்மையிலேயே மாறியிருக்கும். சின்னவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

செல்லமுத்துவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அழுத்தினேன்.

பிழை திருத்துபவனின் பழக்கம், பொய் சொல்ல வரவில்லை என்று வெகு நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதை நம்புவதில்லை. அன்று காலையிலிருந்து என் தாள் தவறு என்று மூன்று முறை எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தேன். ஒரு முறையாவது என் கணினி சரியான ஒன்றைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

நான்கு வினாடியில் வந்தது. வளர் தீவனம், வளர் தீவனம், வளர் தீவனம், வளர் தீவனம். பக்கத்திலேயே, யாரும் கேட்காமல், தினப் பதிவையும் பொருத்திக் காட்டும்படி நான் முன்பே அமைத்திருந்தேன். ஆம், ஆம், ஆம் என்று இருபத்தேழு வரிகள். அதற்கு மேலே ஒரே ஒரு ‘இல்லை’.

“ஏஞ்சாமி, எதுக்குப் பொய்ய எழுதுன?” என்றார் பெரியவர். குரலில் கோபம் இல்லை.

“தப்புதானுங்க.”

“சொல்லீருக்கலாம்ல?”

“சொன்னனுங்க.”

“யாருகிட்ட?”

செல்லமுத்து தரையைப் பார்த்தார். சின்னவர் போனை எடுத்துப் பார்த்தார். நான் திரையில் ஒரு பத்தியின் அகலத்தைச் சரிசெய்தேன்.

“சார், அவர் போடாததாலதான் பேட்ச் பிழைச்சிருக்கு” என்றேன்.

“அது வேற டாபிக் சார்” என்றார் சின்னவர். “இது டேட்டா இன்டெக்ரிட்டி. இன்னைக்கு இதை விட்டா நாளைக்கு எந்த ‘ஆம்’-ஐ நம்பறது?”

நியாயமான கேள்வி. ஐந்து குஞ்சு இறங்கியது என்ற உண்மையான பதிவை வைத்து நாங்கள் எல்லோரும் இருபத்து நாலாயிரம் கோழிகளைக் கொல்லப் பார்த்தோம். இருபத்தேழு பொய்யான ஆம்கள் அவற்றைக் காப்பாற்றின. இதை எந்த நிறத்தில் போடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பதினான்கு வருட வேலையைக் கருதி வேலைநீக்கம் இல்லை, மாற்றம் மட்டும் என்று பெரியவர் முடிவு செய்தார். புதன்கிழமையிலிருந்து கெங்கவல்லி. கூட்டம் பத்தரைக்கு முடிந்தது. கலையும்போது சின்னவர் என் தோளில் தட்டி, “எக்ஸலன்ட் கேட்ச் சார்” என்றார். அந்த மாதக் கடைசியில் என் மேசைக்கு இருபத்தேழு அங்குலத் திரை வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய திரையில் பத்திகள் நெருக்கமாகத் தெரியும்.

மென்பொருள் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரர்களோடு அன்று மதியமே போனில் பேசினோம். மறுமுனையில் இருந்த பெண் ஐந்து குஞ்சு விஷயத்தை இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டார். பிறகு, “இது எரர் இல்லீங்க சார், உங்க ரெக்வயர்மென்ட்ல இது இல்லவே இல்லீங்க” என்றார். எழுத்தில் கேட்டோம். சில வாரத்தில் வரவுப் பதிவில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. வரவு வகை: ஒன்று, வழக்கமானது, இரண்டு, சாஸ்திரம். நாமக்கல் பக்கம் வேறு இரண்டு பண்ணைகளும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். அவர்களிடமும் சிவப்பு வரிகள் இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கும் வெயில், ஈரம், திருஷ்டி, சோம்பல் என்று காரணங்கள் சொல்லியிருப்பார்கள்.

உங்களுக்கு நான் விட்டுப்போகக்கூடியது கொஞ்சம்தான். ஒரே வரியாகச் சுருக்கித் தரச் சொல்வார்கள், தாருங்கள். ஆனால் எந்த வரியை விழுங்கினீர்கள் என்று தாளின் அடியில் எழுதுங்கள், சிறிய எழுத்திலாவது. கூட்டத்தில் வாசலில் நிற்பவர் சொல்வதைக் குறிப்பில் சேருங்கள். நாற்காலியில் இருப்பவர் சொன்னது எப்படியும் நினைவிருக்கும். ஷெட் எவ்வளவு தூரம் என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நடந்து பாருங்கள்.

அந்தப் பொத்தானைப் பற்றி அறிவுரை எதுவும் என்னிடம் இல்லை. அழுத்தாதீர்கள் என்று சொன்னால் நம் தொழிலே பொய்யாகிவிடும். அழுத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கப்படும் என்று பாவாயிக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகும் முன், ஒன்பது ஐம்பதுக்கு, பெரியவரைத் தனியாகப் பார்த்து, தேதியோடு தீவனத்தையும் செல்லமுத்துவின் வாயாலேயே சொல்ல வைத்திருக்கலாம். அதற்கு எனக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் நான் திரையில் காட்டப்போகும் இரண்டு வரிகளுக்கு மஞ்சள் பின்னணி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மாலை செல்லமுத்துவும் பாவாயியும் குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். வியாழக்கிழமை நான்காவது பேட்ச்சில் இருநூற்றுப் பதினான்கு முட்டைகள் கிடைத்தன. அடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது பதினேழுக்கு அச்சான தாளில் அந்த வரி பச்சையாக இருந்தது. பொறுப்பாளர் பத்தியில் புதுப் பெயர் இருந்தது.